தங்க நானோ துகளுக்கு மின்னூட்டம் ஏற்றி நிறமாலை நகர்வை அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தங்க நானோ துகளில் கூடுதலாக எலெக்ட்ரான்களை ஏற்றினால் அதன் நிறமாலை உச்சி நீலப் பக்கம் நகரும். எலெக்ட்ரான்களை உருவினால் சிவப்புப் பக்கம் நகரும். உச்சி நகர்வதைப் பார்ப்பது பெரிய காரியமே இல்லை. நகர்ந்தது மின்னூட்டத்தால்தான் என்று காட்டுவதில்தான் புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். துகளின் மேல் அயனி ஒட்டினாலும் உச்சி நகரும். ஆக்சைடு படிந்தாலும், கண்ணாடியிலிருந்து துகள் கழன்றாலும் நகரும்.

அதனால் இதில் படிகளின் வரிசை முக்கியம். வெற்றுச் சோதனைகளை (ஒப்பிடுவதற்காக மட்டும் எடுக்கும் அளவீடுகளை) கடைசியில் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், எடுத்த அளவீடு முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டி வரும். எம்.எஸ்சி. புராஜெக்ட் அல்லது ஆய்வின் முதல் வருடத்தில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பிளாஸ்மான் ஒத்ததிர்வு, அதாவது ஒளி பட்டதும் உலோகத் துகளின் எலெக்ட்ரான்கள் ஒன்றாக அதிர்வது, என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் போதும்.

1. முதலில் காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

எவ்வளவு நகர்வு வரும் என்று தெரியாமல் கருவிக்கு முன்னால் உட்காராதீர்கள். டுரூட் மாதிரியின்படி (உலோகத்தின் எலெக்ட்ரான்கள் கட்டில்லாமல் ஓடுவதாகக் கொள்ளும் மாதிரி) பிளாஸ்மா அதிர்வெண்ணின் வர்க்கம் எலெக்ட்ரான் அடர்த்திக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அலைநீளம் அதிர்வெண்ணுக்குத் தலைகீழ். ஆக, எலெக்ட்ரான் அடர்த்தி 1 சதவீதம் கூடினால் உச்சி அலைநீளம் ஏறக்குறைய அரை சதவீதம் குறையும்.

20 நானோமீட்டர் விட்டமுள்ள தங்கக் கோளத்தை எடுத்துக்கொள்வோம். தங்கத்தில் ஒரு கன நானோமீட்டருக்கு 59 கடத்து எலெக்ட்ரான்கள். கோளத்தின் கன அளவு சுமார் 4,190 கன நானோமீட்டர். மொத்தம் 2,47,000 எலெக்ட்ரான்கள்.

மின்பகுளியில் (அயனிகள் உள்ள கரைசலில்) இரட்டை அடுக்கின், அதாவது துகளின் மின்னூட்டமும் அதை ஒட்டி நிற்கும் எதிர் அயனிகளும் சேர்ந்த அடுக்கின், மின்தேக்குத்திறனை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோளத்தின் பரப்பு 1,257 சதுர நானோமீட்டர். அரை வோல்ட் கொடுத்தால் ஏறுவது சுமார் 1,180 எலெக்ட்ரான்கள், அதாவது 0.48 சதவீதம். உச்சி 520 நானோமீட்டரில் இருந்தால் நகர்வு 1.2 நானோமீட்டர். அவ்வளவுதான்.

தங்கத்தில் 520 நானோமீட்டருக்குப் பக்கத்திலேயே பட்டைகளுக்கிடையிலான உறிஞ்சல் (கீழ் ஆற்றல் பட்டையின் எலெக்ட்ரான்கள் ஒளியை வாங்கி மேல் பட்டைக்குத் தாவுவது) தொடங்கிவிடுகிறது. அங்கே டுரூட் மாதிரி மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஜான்சனும் கிறிஸ்டியும் 1972-இல் வெளியிட்ட ஒளியியல் மாறிலிகளை எடுத்து, அதில் கடத்து எலெக்ட்ரான்களின் பங்கை மட்டும் 0.48 சதவீதம் கூட்டிப் பாருங்கள். விடை 1 நானோமீட்டரை ஒட்டித்தான் வரும். கூடுதல் எலெக்ட்ரான்கள் துகளின் மேல்தோலில்தான் தங்கும், உள்ளே சீராகப் பரவாது என்பதும் உண்மைதான். முதல் மதிப்பீட்டுக்கு இந்தச் சராசரி போதும்.

இன்னொரு கணக்கும் போட்டு வையுங்கள். இதே கோளம் காற்றில் தனியாக இருந்தால் அதன் மின்தேக்குத்திறன் சுமார் 1.1 அட்டோஃபாரட், ஒரு வோல்ட்டுக்கு ஏறுவது 7 எலெக்ட்ரான்கள் மட்டுமே. மின்பகுளியில் அதே ஒரு வோல்ட்டுக்கு 2,300-க்கு மேல். எதிர் அயனிகள் துகளின் தோலை ஒட்டி வந்து நிற்பதால் கிடைக்கிற வித்தியாசம் இது. உலர்ந்த துகளில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கலாமே என்ற யோசனை வந்தால் இந்த இரண்டு எண்களையும் பாருங்கள்.

2. தேவையானவை

பெரும்பாலான சாமான்கள் எந்த மின்வேதியியல் ஆய்வகத்திலும் இருக்கும். பொட்டென்ஷியோஸ்டாட் (மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), நார் ஒளியிழை ஸ்பெக்ட்ரோமீட்டர் அல்லது சாதாரண புற ஊதா–கட்புலன் கருவி, ஐ.டி.ஓ. (மின்சாரம் கடத்தும், ஒளியையும் விடும் இண்டியம் டின் ஆக்சைடு) பூசிய கண்ணாடி, பிளாட்டினக் கம்பி, குவெட் (கரைசலை வைத்து அளக்கும் சிறு கலம்), நைட்ரஜன் சிலிண்டர். தேர்வில் தவறு நடப்பது மூன்று இடங்களில்.

மின்பகுளி: 0.1 மோலார் சோடியம் பெர்குளோரேட் அல்லது சோடியம் புளோரைடு. கையருகே இருக்கிறது என்று பொட்டாசியம் குளோரைடை எடுக்காதீர்கள். குளோரைடு தங்கத்தின் மேல் ஒட்டும். நேர் மின்னழுத்தம் ஏறினால் தங்கத்தைக் கரைத்தும் விடும். புளோரைடு எடுத்தால் அமிலம் சேர்க்கக் கூடாது, ஹைட்ரஜன் புளோரைடு வரும். பெர்குளோரேட்டைக் கரிமப் பொருளோடு சேர்த்துச் சூடாக்கி வற்றவிடக் கூடாது.

ஒப்பீட்டு மின்முனை: வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனை சரி, ஆனால் இரட்டைச் சந்தி (வெளியே இன்னொரு கரைசல் அறை) உள்ளதாக இருக்கட்டும். ஒற்றைச் சந்தியில் குளோரைடு மெல்லக் கசியும். அதற்கு மேல், பெர்குளோரேட் கரைசலில் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய மின்முனையை நேராக வைத்தால் பொட்டாசியம் பெர்குளோரேட் படிந்து முனையின் நுண்துளைகளை அடைத்துவிடும். மின்னழுத்தம் காரணமில்லாமல் ஆடினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வெளி அறையில் சோடியம் நைட்ரேட் நிரப்பினால் தீர்ந்தது.

துகள்: முதல் தடவைக்கு 15 முதல் 20 நானோமீட்டர் சிட்ரேட் கோளங்கள் (சிட்ரேட் அயனி போர்த்திய தங்கக் கோளங்கள்). பெரிய துகள் பளிச்சென்று தெரியும், ஆனால் பரப்புக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதம் குறைவதால் நகர்வு சிறுத்துப்போகும். வெள்ளியில் பட்டைகளுக்கிடையிலான உறிஞ்சல் 320 நானோமீட்டர் வாக்கில் தள்ளி நிற்பதால் உச்சி கூர்மை. ஆனால் வெள்ளி எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கரையும். கற்றுக்கொள்ளும்போது தங்கம்தான் பொறுமையான உலோகம்.

3. போரோஹைட்ரைடு முன்னோட்டம்

மின்முனைக்குப் போகும் முன் வேதியியல் வழியில் ஒருமுறை எலெக்ட்ரான் ஏற்றிப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டுகிற வேலை இல்லாமலே உங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டர் 1 நானோமீட்டர் நகர்வைப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கூழ்மத்தை (துகள்கள் மிதக்கும் நீரை) உறிஞ்சல் 0.5 முதல் 1 வரை இருக்குமாறு நீர்த்து, 20 நிமிடம் நைட்ரஜன் குமிழ்விடுங்கள். ஆக்சிஜன் இருந்தால் ஏற்றிய எலெக்ட்ரான்களை அது உடனுக்குடன் எடுத்துக்கொள்ளும். பனிக்கட்டி நீரில் அப்போதே கரைத்த சோடியம் போரோஹைட்ரைடை, கடைசிச் செறிவு 1 முதல் 5 மில்லிமோலார் வரும்படி சேருங்கள். காலையில் கரைத்ததை மாலையில் எடுத்தால் பாதி சிதைந்திருக்கும். உச்சி நீலப் பக்கம் நகர்ந்து, உயரம் கொஞ்சம் கூடி, போரோஹைட்ரைடு தீரத் தீர மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

குவெட்டை இறுக மூடாதீர்கள், ஹைட்ரஜன் வெளியே போக வேண்டும். சுவரில் குமிழ் ஒட்டினால் நிறமாலை முழுவதும் ஒரே அளவில் மேலே தூக்கும். தட்டிவிட்டு மறுபடி எடுங்கள். 600 நானோமீட்டருக்கு மேல் தோள் போல எழும்பினால் அது துகள்கள் திரள்வது. அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு உப்புச் செறிவைக் குறையுங்கள்.

இதற்கு ஜோடியாக, அதே பி.எச். வரும்படி சோடியம் ஹைட்ராக்சைடு மட்டும் சேர்த்த இன்னொரு குவெட் கட்டாயம். போரோஹைட்ரைடு பி.எச்.-ஐ ஏற்றும், அதனால் மட்டும் வரும் மாற்றத்தைத் தனியாகப் பார்த்துக் கழிக்க வேறு வழியில்லை.

4. துகள்களைக் கண்ணாடியில் ஒட்டுதல்

ஐ.டி.ஓ. கண்ணாடியை அசிட்டோன், ஐசோபுரோப்பனால், நீர் என்ற வரிசையில் ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் மீயொலிக் குளியலில் வையுங்கள். பிறகு 10 நிமிடம் புற ஊதா–ஓசோன். சைலேன் (துகளைக் கண்ணாடியோடு பிணைக்கும் பசை போன்ற சேர்மம்) ஒட்டுவதற்கு மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் வேண்டும். ஓசோன் அதைத்தான் தருகிறது.

எத்தனாலில் 1 சதவீத அமினோ சைலேனில் அரை மணி நேரம் மூழ்கவைத்து, நன்றாக அலசி, 110 டிகிரியில் உலர்த்துங்கள். நேரத்தைக் கூட்டினால் நன்றாக ஒட்டும் என்று இரவு முழுக்க விடுகிறவர்கள் உண்டு. சைலேன் ஓர் அடுக்காக இருந்தால் எலெக்ட்ரான் ஊடுருவிப் போகும். தடித்துப் பல அடுக்காகிவிட்டால் அது காப்பு உறை. துகள் கண்ணாடியில் இருக்கும், மின்னழுத்தம் அதற்குப் போய்ச் சேராது. உச்சி அசையவே இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற பல பேருக்குக் காரணம் இதுதான்.

அடுத்து கூழ்மத்தில் சில மணி நேரம். உறிஞ்சல் 0.05 முதல் 0.2 வரை போதும். அதற்கு மேல் போனால் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து அதிரத் தொடங்கும். உச்சி அகன்று, தனித் துகளின் கணக்கு பொருந்தாமல் போகும். கண்ணாடி இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஊதாவோ நீலமோ அடித்தால் அதை ஒதுக்கிவையுங்கள்.

நானோ கம்பிகளை எடுத்தால் ஒரு மாற்றம் உண்டு. அவற்றைச் சுற்றி சி.டி.ஏ.பி. என்ற நேர் மின்னூட்டமுள்ள சோப்புப் படலம் இருக்கும்; அமினோ சைலேனுக்கும் நேர் மின்னூட்டம்தான், ஆகவே ஒட்டாது. இரண்டு முறை மையவிலக்கிக் கழுவி, சுழற்றிப் பூசி, உலர்ந்தபின் ஓசோனில் மிச்சப் படலத்தை எரித்துவிடலாம். மூன்றாவது முறையும் கழுவினால் பெரும்பாலும் குழாயின் அடியில் கறுத்த திரள்தான் மிஞ்சும். ஓசோன் தங்கத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு விட்டிருக்கும் என்பதால், அளவீட்டுக்கு முன் எதிர் மின்னழுத்தத்தில் சில நிமிடம் வைத்து அதை ஒடுக்கிவிடுங்கள்.

5. வெற்றுக் கண்ணாடியை முதலில் அளங்கள்

துகள் ஒட்டாத, ஆனால் சைலேன் போட்ட ஐ.டி.ஓ. கண்ணாடியை வைத்து முழு அளவீட்டையும் ஒருமுறை ஓட்டுங்கள். ஐ.டி.ஓ.-வும் மின்னூட்டம் ஏற்கும். அதன் ஒளிவிலகல் எண்ணும் உறிஞ்சலும் மின்னழுத்தத்தோடு மாறும். உங்கள் துகளின் உறிஞ்சல் மாற்றம் ஆயிரத்தில் சில பங்குதான், ஐ.டி.ஓ.-வின் மாற்றமும் அந்த அளவுக்கு வரக்கூடும். இதைக் கழிக்காமல் வரைந்த கோட்டில் எது துகளுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

மின்னழுத்தம் எதுவும் கொடுக்காமல் ஒரு மணி நேரம் நிறமாலை எடுத்து, விளக்கு எவ்வளவு நகர்கிறது என்றும் பாருங்கள். விளக்கைப் போட்ட உடனே அளக்கத் தொடங்காதீர்கள், அரை மணி நேரமாவது எரியட்டும். அறை வெப்பநிலையைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். நீரின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மாறும். கம்பிக்குக்கூட அது நானோமீட்டரில் நூற்றில் சில பங்கு. ஏ.சி.யை விட விளக்குதான் வில்லன்.

6. மின்னழுத்த எல்லையை முடிவு செய்தல்

துகள் ஒட்டிய கண்ணாடியில் சுழல் வோல்ட்டமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைவது) எடுங்கள், நொடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில். வளைவு செவ்வகம் போலத் தட்டையாக இருக்கும் பகுதி மட்டும்தான் உங்களுக்கு வேண்டும். அங்கே மின்னோட்டம் இரட்டை அடுக்கை நிரப்புவதற்கு மட்டும் போகிறது. வளைவு மேலேயோ கீழேயோ எகிறும் இடத்தில் ஏதோ வேதிவினை நடக்கிறது.

நடுநிலைக் கரைசலில் வெள்ளி–வெள்ளி குளோரைடுக்கு எதிராக −0.6 முதல் +0.4 வோல்ட் வரை தொடக்கத்துக்குப் போதும். +0.7, +0.8 வாக்கில் தங்கத்தின் மேல் ஆக்சைடு படியத் தொடங்கும்; உச்சி சிவப்புப் பக்கம் தாவும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மின்னூட்டம் அதில் சிறு பங்குதான். பி.எச். ஒவ்வோர் அலகு ஏறும்போதும் ஆக்சைடு எல்லை சுமார் 59 மில்லிவோல்ட் கீழே இறங்கும் என்பதையும் மறக்காதீர்கள். எதிர்ப் பக்கம் −1 வோல்ட்டைத் தாண்டினால் ஐ.டி.ஓ. தானே ஒடுங்கிப் பழுப்பாகும். அது திரும்ப வராது, கண்ணாடி போனது போனதுதான்.

முதலைக் கிளிப் கரைசலைத் தொடக் கூடாது. தொட்டால் கிளிப்பின் உலோகம் கரைந்து உங்கள் தங்கத்தின் மேல் படியும். பிளாட்டினக் கம்பி ஒளிப்பாதைக்கு வெளியே இருக்கட்டும்.

7. அளவீட்டின் வரிசை

−0.6-இல் தொடங்கி +0.4 வரை படிப்படியாக ஏறிக்கொண்டே போவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அப்படிச் செய்தால் நேரத்தோடு வரும் நகர்வும் மின்னழுத்தத்தோடு வரும் நகர்வும் கலந்துவிடும், பிரிக்க வழியில்லை.

ஒவ்வோர் அளவீட்டுக்குப் பிறகும் ஒரு நிலையான மின்னழுத்தத்துக்குத் திரும்புங்கள். 0, −0.2, 0, +0.2, 0, −0.4, 0, +0.4, 0, −0.6, 0 என்று. 0-வில் எடுத்த புள்ளிகளை மட்டும் தனியாக நேரத்துக்கு எதிராக வரைந்தால் கருவியின் நகர்வும் துகள் கழல்வதும் அப்படியே தெரியும். அந்தக் கோட்டை மற்றப் புள்ளிகளிலிருந்து கழித்துவிடலாம். 0-வில் உறிஞ்சல் படிப்படியாகக் குறைந்துகொண்டே போனால் துகள்கள் கழல்கின்றன; நான்காவது படிக்குத் திரும்பிப் போங்கள்.

ஒவ்வொரு மின்னழுத்தத்திலும் ஒரு நிமிடம் வைத்து, மின்னோட்டம் தணிந்த பிறகு பல நிறமாலைகளைச் சராசரி எடுங்கள். கரைசலுக்கு மேல் நைட்ரஜன் போய்க்கொண்டே இருக்கட்டும், ஆனால் அளக்கும்போது கரைசலுக்குள் குமிழ்விடாதீர்கள். தங்கத்தின் மேல் ஆக்சிஜன் ஒடுங்கத் தொடங்கினால் எதிர் மின்னழுத்தத்தில் மின்னோட்டம் தணியவே தணியாது.

8. உச்சியின் இடத்தைக் கண்டுபிடித்தல்

அதிகபட்ச உறிஞ்சல் எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அதுதான் உச்சி என்று எடுத்தால், ஸ்பெக்ட்ரோமீட்டரின் புள்ளி இடைவெளியே அரை நானோமீட்டர் இருக்கும், 1.2 நானோமீட்டர் நகர்வு இரண்டு மூன்று படிகளாகத்தான் தெரியும். உச்சியைச் சுற்றி மேல் 20 சதவீதப் பகுதிக்கு ஓர் இருபடி வளைவைப் பொருத்தி அதன் உச்சியை எடுங்கள். நல்ல தரவில் 0.05 நானோமீட்டர் வரை நம்பலாம். கம்பிகளுக்கு, அலைநீளத்தை எலெக்ட்ரான் வோல்ட்டாக மாற்றி லொரென்ட்ஸ் வளைவைப் பொருத்துவது நல்லது. அகலமும் சேர்ந்து கிடைக்கும்.

அப்புறம் வித்தியாச நிறமாலையையும் வரையுங்கள், அதாவது −0.4-இல் எடுத்ததிலிருந்து 0-வில் எடுத்ததைக் கழித்தது. எலெக்ட்ரான் ஏறியிருந்தால் உச்சிக்கு இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் பள்ளம். உயரமும் சற்றுக் கூடுவதால் மேடு பள்ளத்தைவிடப் பெரிதாக இருக்கும். மேடும் பள்ளமும் இல்லாமல் எல்லா அலைநீளத்திலும் ஒரே பக்கமாகத் தூக்கினால் அது விளக்கு, குமிழ் அல்லது ஐ.டி.ஓ.

9. மின்னூட்டம்தானா என்று சோதித்தல்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. முதல் சோதனை வேகம். இரட்டை அடுக்கு 20 மைக்ரோஃபாரட், கரைசலும் ஐ.டி.ஓ.-வும் சேர்ந்து 100 ஓம் என்றால் நேர மாறிலி 2 மில்லிநொடி. மின்னூட்டம் உங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒரு நிறமாலை எடுப்பதற்குள் ஏறி முடிந்துவிடும். மின்னழுத்தத்தை மாற்றிய பிறகு நிமிடக் கணக்கில் உச்சி நகர்ந்துகொண்டே இருந்தால், அந்த மெதுவான பகுதி அயனி ஒட்டுவதோ சைலேன் மாறுவதோ வேறு ஏதோ. அதை மின்னூட்டத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது, திரும்பி வருகிறதா என்பது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே மின்னழுத்தத்தில் ஒரே உச்சி இருக்க வேண்டும்.

மூன்றாவது, மின்பகுளியை மாற்றிப் பார்ப்பது. பெர்குளோரேட்டில் ஒரு சாய்வும் புளோரைடில் ஏறக்குறைய அதே சாய்வும் வந்தால் நிம்மதி. வேண்டுமென்றே சில மில்லிமோலார் சோடியம் புரோமைடு சேர்த்து, எதிர் மின்னழுத்தப் பக்கத்திலிருந்து 0 வரை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அயனி ஒட்டினால் உங்கள் தரவில் அது எப்படித் தோன்றும் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

கம்பிகளில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். கோளத்தின் உச்சி சுற்றுப்புற ஒளிவிலகல் எண் ஓர் அலகு மாறினால் 60, 70 நானோமீட்டர் நகரும். கம்பிக்கு 200-க்கும் மேல். கம்பிக்கு 1.2 நானோமீட்டர் நகர்வு வேண்டுமென்றால் சுற்றுப்புற ஒளிவிலகல் எண் 0.006-க்குள் மாறினாலே போதும். கம்பியின் உச்சி பட்டை உறிஞ்சலிலிருந்து விலகிக் கூர்மையாக இருப்பதால் அளக்க வசதி என்பது சரி. அந்த வசதி ஒட்டுகிற அயனிக்கும் சேர்த்துத்தான்.

10. நகர்விலிருந்து மின்தேக்குத்திறனுக்குத் திரும்புதல்

முதல் படியில் போட்ட கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு எத்தனை நானோமீட்டர் என்ற சாய்வை எடுத்து, அதை உச்சி அலைநீளத்தால் வகுத்து, இரண்டால் பெருக்கினால் எலெக்ட்ரான் அடர்த்தியின் மாற்ற விகிதம். மொத்த எலெக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்கினால் ஒரு வோல்ட்டுக்கு ஏறிய எலெக்ட்ரான்கள். அதன் மின்னூட்டத்தைத் துகளின் பரப்பால் வகுத்தால் மின்தேக்குத்திறன்.

20 நானோமீட்டர் கோளத்துக்கு வோல்ட்டுக்கு 2.5 நானோமீட்டர் சாய்வு என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 30 மைக்ரோஃபாரட் வரும். நம்பத்தக்க எண். 60 நானோமீட்டர் நீளமும் 20 நானோமீட்டர் தடிமனும் உள்ள கம்பிக்கு, 700 நானோமீட்டர் உச்சியில், வோல்ட்டுக்கு 10 நானோமீட்டர் சாய்வு கிடைத்தால் விடை 120 மைக்ரோஃபாரட். உடனே மகிழ்ச்சியில் எழுதிவிடாமல் ஒன்பதாவது படிக்குத் திரும்புங்கள். மின்னூட்டத்தோடு வேறு ஏதோ சேர்ந்து வந்திருக்கிறது.

புள்ளிகள் கச்சிதமான நேர்க்கோட்டில் விழவில்லை என்று கவலைப்பட வேண்டாம். இரட்டை அடுக்கின் மின்தேக்குத்திறன் மின்னழுத்தத்தோடு மாறும். லேசான வளைவு இயல்பு. ஒரே மின்னழுத்தத்தில் படிக்கட்டுபோலத் தாவினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சாய்வு மிகக் குறைவாக வந்தால் எல்லாத் துகள்களும் மின்முனையோடு தொடர்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்த ஒரு கண்ணாடியை நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்து, ஆக்சைடு படியும் வரை ஏற்றி இறக்குங்கள். திரும்பி வரும்போது ஆக்சைடு ஒடுங்கும் உச்சியின் மின்னூட்டத்தை எடுத்து, தங்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 400 மைக்ரோகூலும் என்ற கணக்கில் வகுத்தால் உண்மையில் தொடர்பில் உள்ள பரப்பு கிடைக்கும். எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் எண்ணிய துகள்களின் பரப்போடு ஒப்பிடுங்கள். இது துகளின் மேற்பரப்பையே மாற்றிவிடும் சோதனை, எனவே அதே கண்ணாடியில் மறுபடி நகர்வை அளக்கக் கூடாது.